நாலு விரல் கீழே கட்டிய துணி

போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டு டீ கொடுத்தீர்கள். டீயைக் குடித்தேன். அங்கே நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு பஸ் கண்டக்டர் தோள்பட்டையைக் காட்ட வந்திருந்தார். உங்களில் ஒரு பெண் அவரைப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கிக் கையைப் பின்பக்கம் சாய்த்துப் பார்த்து, 'மூட்டுப் பிடிப்பு தளர்ந்திருக்கிறது' என்று எழுதினாள். கால் மணி நேரம் கழித்து இன்னொருவர் அதே தோளை அதே மாதிரி பார்த்துவிட்டு, 'தளர்வு இல்லை' என்று எழுதினார். இரண்டு தாளும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. "சீனியர் எழுதினதே இருக்கட்டும்" என்று சொல்லி மற்றதைக் கசக்கிப் போட்டீர்கள். "அப்ப எனக்குக் கோளாறு இருக்கா, இல்லையாங்க?" என்று கண்டக்டர் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த இடத்திலேயே உங்களைத் திட்டியிருக்கலாம். திட்டினால் கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று இன்னொரு டீ கொடுத்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். இரண்டு தாள் இரண்டு விதமாகச் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. அதில் என் கையும் சேர்ந்திருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பதினாலு வயதில் ரோடு போடும் கூட்டத்தோடு கிளம்பி மூன்று ஜில்லா நடந்தேன். ஜல்லி சுமந்தேன். மீமிசலில் மீன் காயப்போட்டேன். ஒரு ஹோட்டலில் மாவாட்டினேன். எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. இரண்டு இடத்தில் நானாக விலகினேன், இரண்டு இடத்தில் துரத்திவிட்டார்கள். பட்டினி கிடந்ததுண்டு, அப்போது என்னோடு இருந்தவர்களும் கிடந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. எலும்பு டாக்டர் புதன்கிழமை மட்டும் திருச்சியிலிருந்து வருவார். மற்ற நாட்களில், கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையை ஒரு சிஸ்டர் கவனித்துக்கொண்டார். நோயாளியை மேசையில் ஏற்றுவது, துணியை ஒதுக்குவது, பிடித்துக்கொள்வது, இறக்குவது, தரையைத் துடைப்பது எல்லாம் என் வேலை.

ஒரு புதன்கிழமை காலையில் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ரெங்கன் என்ற கல்குவாரித் தொழிலாளி வந்தான். கல்லைப் புரட்டும்போது வலது தோள் கழன்று, ஊரில் யாரோ தட்டிப் பொருத்தியிருந்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வேலைக்கு வராதே என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். கூட அவன் தாயார் வந்திருந்தாள். மூன்று வயதுப் பேத்தி அவள் இடுப்பில். அவளுக்கு நாலடி பின்னால், நாலு மாதக் கைக்குழந்தையோடு ரெங்கனின் மனைவி அடைக்காயி வந்தாள்.

டாக்டர் ரெங்கனைப் படுக்கவைத்துக் கையைப் பின்னால் சாய்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

கல் புரட்டிச் சாப்பிடுகிறவனை, தாயும் மனைவியும் கதவருகே நிற்கும்போது, வலிக்கிறதா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? அவன் மூக்கோரம் வேர்த்துவிட்டதை நான் பார்த்தேன். டாக்டர் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். 'தோள் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

அவன் மேசையிலிருந்து இறங்குவதற்குள் தாயார் உள்ளே வந்துவிட்டாள்.

"வந்ததோட இவளையும் ஒரு பார்வ பாத்துருங்கய்யா. புள்ள பெத்து நாலு மாசமாச்சு. நடவுக்குக் கூப்புட்டா இடுப்பு கழண்டு போகுதுங்குறா, தண்ணி தூக்கச் சொன்னா காலு எடுக்க வரலங்குறா. சோத்துச் சட்டிக்கு மட்டும் கை நல்லா எடுக்க வருது."

"ஆத்தா, சும்மா இரு" என்றான் ரெங்கன்.

"நீ சும்மா இருடா. நெசமாவே முடியலன்னா முடியலன்னு அய்யா சொல்லட்டும், நான் வச்சுக் கஞ்சி ஊத்துறேன். நடிக்கிறான்னு சொன்னாருன்னா அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். எந்தம்பி மக ஒருத்தி இருக்கா, ஒனக்குப் பாத்துக்கிறலாம். மூத்தத நான் வளத்துக்குவேன்."

அடைக்காயி, மாமியார் இடுப்பிலிருந்த பெரிய பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சோதனையில் அவளுக்கு என்ன பணயம் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். கையைக் கழுவிக்கொண்டே, "படுக்க வைங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் நான் அவளைத் தயார்ப்படுத்தினேன். பிள்ளை பெற்றவர்களுக்கு மருத்துவச்சி கட்டிவிடும் வயிற்றுக்கட்டு அவளுக்கும் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்தது, வயிற்றைச் சுற்றி நெகிழ்ந்து கிடந்தது. சோதனைக்கு முன்னால் எந்தக் கட்டாக இருந்தாலும் அவிழ்த்துவிட வேண்டும் என்பது சிஸ்டர் எனக்குச் சொல்லியிருந்த விதி. ஆனால் பார்க்கப்போகிறவர் ஆண் டாக்டர். காலைத் தூக்கும்போது சேலை விலகினால் இவள் கூசிப்போவாளே என்று நினைத்தேன். சேலை விலகினாலும் இடுப்பு மறைந்திருக்கட்டும் என்று துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். ரோட்டு வேலையில் ஜல்லி சுமக்கும்போது நாங்கள் கட்டிக்கொள்ளும் ஒரு கட்டு உண்டு. வயிற்றில் கட்டமாட்டோம், அதற்கு நாலு விரல் கீழே, இரண்டு பக்கத்து இடுப்பெலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கட்டுவோம். பழகிய கை தானாக அங்கே போய்க் கட்டியது. மேலே சேலையை இழுத்துவிட்டு, "வாங்க சார்" என்றேன்.

டாக்டர் வந்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். மற்றக் காலையும் தூக்கினாள். தூக்கியவள் முகத்தில் ஓர் ஆச்சரியம் இருந்தது. அன்றைக்கு அதைத் திருட்டு முழி என்று நானும் நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று டாக்டர் பின்னாலிருந்து பார்த்தார். அவள் ஆடினாள். விழுந்துவிடப் போகிறாளே என்று முன்னால் நின்ற நான் என் தோளைக் கொடுத்தேன். அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு சரியவில்லை.

"இடுப்புல ஒரு கோளாறும் இல்ல. நல்லா பலமா இருக்கு. வேலை செய்யச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் சீட்டு எழுதினார்.

"கேட்டுக்கிட்டியாடி?" என்றாள் மாமியார்.

வராந்தாவில் அடைக்காயி என் கையைப் பிடித்தாள். "அக்கா, உள்ள தூக்குன காலு எங்காலு இல்லக்கா."

"போம்மா. நல்லாத்தான தூக்குன" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் ரெங்கன் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுக்கக் கையைப் பின்பக்கமாக உயர்த்தினான். தோள் பாதி நழுவி மறுபடி உள்ளே போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளே கூட்டிப்போனோம். டாக்டர் இந்த முறை மெதுவாகக் கையைச் சாய்த்தார். சிஸ்டர் குனிந்து, தாயாருக்குக் கேட்காதபடி அவன் காதருகே கேட்டார்: "வலியை விடுப்பா. கை கழண்டு வந்துரும்போல இருக்கா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாங்க" என்றான்.

டாக்டர் தலையாட்டினார். "மொதல்ல தசையை இறுக்கிப் பிடிச்சிட்டிருந்திருக்கான். இந்த டெஸ்ட் சில சமயம் ஏமாத்திடும்" என்று சொல்லி, பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதிதாக எழுதினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது நான் வாளியோடு கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போனேன். அடைக்காயி அங்கே குழந்தையின் துணியை அலசிவிட்டு வராந்தாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இரண்டே படி. முதல் படியில் கால் வைக்க, முழங்காலுக்கு மேலே சேலையைக் கொத்தாகப் பிடித்து, காலைக் கையால் தூக்கி வைத்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே நடித்துக் காட்ட ஆளே இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போது கட்டு அழுத்தியதால் அதை அவிழ்த்து, வழக்கம்போல வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த சேலைக்குள் அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. மேசையில் அவள் காலைத் தூக்க வைத்தது நான் கீழே கட்டிய கட்டுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஓடிப்போய், "இவளுக்குக் கால் வரல சிஸ்டர், நீங்களே பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சிஸ்டர் அவளைப் படுக்கவைத்து, விதிப்படி கட்டை முழுக்க அவிழ்த்துவிட்டுத் தூக்கச் சொன்னார். குதிகால் மேசையை விட்டு எழும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, வேர்த்துக் கொட்டியது. சிஸ்டர் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

"அரை மணிக்கு முன்னாடி என் கண்ணு முன்னாடி தூக்கினா. இப்ப முடியலைங்கிறா. ஒரே ஆள் ரெண்டு தடவை ரெண்டு மாதிரி காட்டினா என்ன அர்த்தம் சிஸ்டர்? நடிப்புதான்."

மாமியாருக்கு வேண்டிய சொல் கிடைத்துவிட்டது. கதவோரத்திலேயே நின்று கேட்டுக்கொண்டாள்.

அதே டாக்டர், அதே மேசை, அதே அரை மணி நேரம். ஆணின் தோள் இரண்டு தடவை இரண்டு விதமாகக் காட்டியபோது ஏமாற்றியது டெஸ்ட். பெண்ணின் இடுப்பு இரண்டு விதமாகக் காட்டியபோது ஏமாற்றியது பெண். நம் கையில் குறை இருக்குமோ என்று ஒரு நொடி சந்தேகிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதைச் செய்தவர்தானே. ரெங்கனுக்குக் கொடுத்த அந்தச் சந்தேகத்தை இவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நானோ? 'சார், கட்டினது நான்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். விதியை மீறியவளை அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள் என்று பயந்தேன். துரத்தப்படுவது எனக்குப் புதிதல்ல, ஆனாலும் அந்த இடத்தில் மூன்று வேளையும் சோறு இருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை காலையில் அடைக்காயி கைக்குழந்தையோடு மட்டும் வந்தாள். பொன்னமராவதிப் பக்கம் இருக்கும் அவள் தாய்வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

"மூத்தவ?" என்று கேட்டேன்.

"அங்கயே நிறுத்திக்கிட்டாக. சனிக்கிழம நான் பஸ்ஸுல ஏறையில ஓடியாந்துச்சு. புடிச்சுக்கிட்டாக." குரலில் அழுகை இல்லை. "எனக்கு ஒரு சீட்டு வேணும்க்கா. நான் பொய் சொல்லலன்னு ஒரு சீட்டு. அதக் காட்டித்தான் புள்ளயக் கேக்க முடியும்."

சிஸ்டரைத் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அவர், "எங்க கட்டுன? காட்டு" என்றார். என் இடுப்பிலேயே காட்டினேன். அவர் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பிரசவத்துல இடுப்பெலும்பு சேர்ற இடத்துல பிடிப்பு விட்டுப்போயிருக்கும். வெளியிலேருந்து சேர்த்துப் பிடிச்சா கால் எழும்புது போல. ஆனா டாக்டர் என்ன சொல்லுவார்? கட்டு இருந்தா தூக்குறா, இல்லாட்டி தூக்கல, அதுவும் நடிப்புதான்னு சொல்லுவார்."

"ஆறு தடவ தூக்கச் சொல்லுவோம் சிஸ்டர், ஆறு தடவையும் கட்டுவோம்" என்றேன். "சில தடவ வயித்துல, சில தடவ நாலு விரல் கீழே. இறுக்கம் ஒரே இறுக்கம். எது வேலை செய்யும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே போர்வையப் போட்டு மூடிருவோம். எங்க கட்டியிருக்குன்னு டாக்டருக்கும் தெரிய வேணாம்."

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப இப்ப செஞ்சு பாக்கக் கூடாது. பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுபோகும்."

அதுதான் கஷ்டமான முடிவு. ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்காமல், நாங்கள் நினைத்தது சரியா என்று எங்களுக்கே தெரியாமல், அந்தப் பெண்ணை டாக்டர் முன்னால் படுக்கவைத்தோம். தவறிப்போனால் நடிப்பு என்று மறுபடியும் எழுதிவிடுவார். பிறகு எந்தச் சீட்டும் அவளுக்குக் கிடைக்காது. அடைக்காயியிடம் சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "ஒவ்வொரு தடவையும் முழு மூச்சா முயற்சி பண்ணு. வந்தா வரட்டும், வரலன்னா விடு. எதையும் யோசிக்காத."

டாக்டர் முதலில் முடியாது என்றார். சிஸ்டர் நகரவில்லை. பத்து நிமிடம்தான் தருவேன் என்று வந்தார். எந்தத் தடவை எங்கே கட்ட வேண்டும் என்று சிஸ்டர் ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி மடித்து என்னிடம் கொடுத்திருந்தார். நான் கட்டும்போது டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். போர்வையை மூடியபின் திரும்பிப் பார்த்துச் சொல்வார்.

முதல் தடவை வயிற்றில் கட்டினேன். "தூக்கல" என்றார்.

இரண்டாவது, நாலு விரல் கீழே. "தூக்குறா."

மூன்றாவது, கீழே. "தூக்குறா."

நாலாவதும் ஐந்தாவதும் வயிற்றில். இரண்டு தடவையும், "தூக்கல."

ஆறாவது, கீழே. அடைக்காயி உதட்டைக் கடித்து முயன்றாள். கால் நடுங்கியது, எழும்பவில்லை. "தூக்கல."

தாளைப் பிரித்துக் கொடுத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். "கடைசி தப்பிடுச்சே" என்றார். ஐந்து சரியாக இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "களைச்சிருப்பா சார். இல்ல, முடிச்சு நெகிழ்ந்திருக்கும். போன வாரம் அந்தத் தோளுக்கு நீங்கதான் சொன்னீங்க, டெஸ்ட் சில சமயம் ஏமாத்திடும்னு."

இன்றைக்கு நீங்கள் இந்தச் சோதனையில் நூறு ஓட்டை கண்டுபிடிக்கலாம். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவளுக்கே விளங்கியிருக்கும், ஆறு தடவை போதாது என்பீர்கள். சரிதான். ஆனால் ஓட்டையைத் தேட வேண்டும் என்று அந்த அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக யாருக்கோ தோன்றியது.

டாக்டர் போர்வையை விலக்கினார். கட்டை அவிழ்க்கச் சொல்லி, தன் இரண்டு உள்ளங்கையையும் அவள் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினார். "இப்பத் தூக்கும்மா." கால் எழும்பியது. கையை எடுத்தார். எழும்பவில்லை. மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் எடுத்தார். பிறகு உட்கார்ந்து புதிய சீட்டு எழுதினார். அவளிடம் ஒரு வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் ஊருக்குப் போனேன். இங்கிலீஷ் சீட்டு என்பதால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டு ரெங்கன் வீட்டு வாசலில் படிக்கச் சொன்னோம். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இடுப்பு மூட்டுப் பிடிப்பு தளர்ந்திருக்கு. பயிற்சி செஞ்சா சரியாகும். மூணு மாசம் பளு தூக்கக் கூடாது" என்று வாத்தியார் படித்தார்.

மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப குறையின்னு டாக்டரே எழுதிட்டாரு. குறையுள்ளவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"முடியலன்னா வச்சுக் கஞ்சி ஊத்துறேன்னு அன்னிக்கிச் சொன்னீங்களே" என்றேன்.

"நீ யாரு கேக்க? ஆஸ்பத்திரி கூட்டுறவளுக்கு எங்க வீட்டுல என்ன பேச்சு?"

குறை இல்லை என்ற சீட்டு வந்தபோது நடிக்கிறாள் என்று அனுப்பினார்கள். குறை உண்டு என்ற சீட்டு வந்தபோது குறையுள்ளவள் என்று அனுப்புகிறார்கள். நாங்கள் ஆறு தடவை கட்டி அவிழ்த்தது எல்லாம், முன்னாலேயே எடுத்து வைத்திருந்த ஒரு முடிவின் காலடியில் கிடந்தது. சோதனையைச் சரியாகச் செய்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அடைக்காயிதான் பேசினாள். "சார், அவுக சீட்டு அந்த மாடத்துல இருக்கு. அதையும் படிங்க."

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வாத்தியார் படித்தார். "வலது தோள் மூட்டுப் பிடிப்பு தளர்ந்திருக்கு. பயிற்சி செஞ்சா சரியாகும். மூணு மாசம் பளு தூக்கக் கூடாது." இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எடந்தாம்மா வேற. மத்தபடி ரெண்டும் ஒரே வார்த்ததான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே குறை" என்றாள் அடைக்காயி. "என்னை ஆத்தா வீட்டுக்கு அனுப்பிட்டீக. அவுகள எங்கிட்டு அனுப்புறது? அவுக ஏற்கனவே ஆத்தா வீட்டுலதான இருக்காக."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். வாத்தியார் சீட்டால் வாயை மறைத்துக்கொண்டார். ரெங்கனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், மூத்தவளை இடது கையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீ சும்மா இருடான்னு சொல்லாத ஆத்தா. எனக்குக் கை வராதப்ப நீ பெசஞ்சு ஊட்டுன. இவளுக்கு நீ ஊட்ட வேணாம். இருந்துட்டுப் போறா."

தாயார் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

மாலை பஸ்ஸுக்கு ரோடு வரைக்கும் அடைக்காயி என்னோடு நடந்தாள். துணியைக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள், ஆனாலும் கையால் காலைத் தூக்காமல் நடந்தாள். பெரிய பிள்ளை அவள் முந்தானையை விடவே இல்லை.

"மொத நாளு மேசையில இறுக்கிக் கட்டுனதும் நாலு விரல் கீழதானக்கா?"

"ஆமா."

"அன்னிக்கே ஒனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?"

"படியேறையில பாத்தேன். தெரிஞ்சுச்சு."

அவள் கோபப்படவில்லை. பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். "அங்கனயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா. எட்டு நாளா ராவும் பகலும் அழுதிருக்கு."

பஸ் வந்தது. ஏறினேன்.

அடுத்த புதன்கிழமை டாக்டர் வந்ததும் நேரே போய்ச் சொன்னேன். முதல் நாள் கட்டியது நான், இடுப்பெலும்பில் கட்டினேன், ஒற்றைக் காலில் நின்றபோது தோள் கொடுத்ததும் நான் என்றேன்.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இப்ப எதுக்கு இதைச் சொல்ற?"

"அந்தப் பொண்ணு கேட்டா சார்."

வேலையை விட்டுப் போ என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் பேனாவை மூடி, திறந்து, மூடினார். அடைக்காயியின் கேஸ் தாளைக் கொண்டுவரச் சொன்னார். முதல் நாள் 'கோளாறு இல்லை' என்று எழுதிய வரிக்குக் கீழே மூன்று வரி எழுதினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தமிழில் படித்துக் காட்டினார்.

சோதனைக்கு முன்னால் ஆயா இடுப்பெலும்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். நிற்கும்போது நோயாளி ஆயாவின் தோளைப் பிடித்திருந்தார். நான் பார்க்கவில்லை.

முதல் இரண்டும் நான் சொன்னவை. மூன்றாவதை நான் சொல்லவில்லை. அவராக எழுதினார். கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். அவர் பெயருக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

உங்கள் தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். அச்சடித்த கட்டங்கள் நிறைய இருக்கின்றன. அந்த மூன்றாவது வரியை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.